அக்காவுக்குப் பிடிக்காத ஜன்னல்

எங்கள் குடும்பத்தில் ஒரு பொருள் வேண்டுமென்றால் முதலில் அதைத் திட்டுவோம். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு திட்டு.

குடையும் பையும் விற்கிற கடை எங்களுடையது. முன்னால் கடை, பின்னால் வீடு, மேலே மொட்டைமாடி. எனக்கும் அக்காவுக்கும் அப்பா எழுத்து சொல்லிக்கொடுத்ததெல்லாம் பிறகுதான். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதை அதற்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிட்டார். மொத்த வியாபாரியிடம் போனால் பிடித்த குடையின் பக்கம் கண் போகக் கூடாது. அதற்கு அடுத்ததைக் கையில் எடுக்க வேண்டும், விரித்துச் சுழற்ற வேண்டும், அடடா என்று சொல்ல வேண்டும். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, “இது என்ன, கம்பி கோணலா இருக்கு? தள்ளிவிடறதா இருந்தா இதையும் போடுங்க” என்று பிடித்ததை மோவாயால் காட்ட வேண்டும். மொத்த வியாபாரியும் எங்களைப் போன்ற ஆள்தான். நாங்கள் எதை அடடா என்கிறோமோ அதை அவர் தொடவே மாட்டார். கோணல் கம்பியைத்தான் டஜன் டஜனாகக் கட்டுவார். இரண்டு தரப்புக்கும் பாஷை ஒன்றாக இருக்கும்வரை இதில் ஒரு குழப்பமும் கிடையாது.

இந்தப் பாஷையில் என் அக்கா புலி. கல்யாணம் ஆகாமல் எங்களோடேயே இருந்துவிட்டவள். கல்லாவில் முப்பது வருஷமாக அவள்தான். அந்த மேசையை அப்பா தெருவுக்கு முதுகைக் காட்டும்படி போட்டிருந்தார். வருகிறவனின் கையும் அலமாரியும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பது அவர் யோசனை. அதனால் முப்பது வருஷமாகத் தெரு அக்காவுக்கு முதுகுப்பக்கம். படுக்கை சரக்கு அறையில், கைப்பை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே. அங்கே காற்றுக்கு ஒரு ஓட்டை உண்டு. அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். துணி உலர்த்த மாடிக்குப் போனால் மட்டும் மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரோரம் போய் நிற்பாள். கீழே கடைத்தெரு முழுக்கத் தெரியும். ஈரத்துணி கொடிக்குப் போகாமல் அவள் தோளிலேயே காய்ந்துவிடும்.

இந்த வருஷம் மாடியில் அக்காவுக்கு ஒரு அறை கட்டுவது என்று முடிவாயிற்று. கட்டுவதுதான் கட்டுகிறோம், அந்த இருட்டுச் சமையலறையையும் இடித்துப் புதிதாக்கிவிடலாம் என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. நான் அளவு டேப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன். மனைவி பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில் சமையலறை படம் போட்டாள். தினம் ஒரு படம், தினம் அடுப்பு ஒரு மூலையில்.  அக்கா துணி அழுக்காகாத நாளிலும் துவைத்தாள்.

மனைவியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் வாத்தியார் வீட்டுப் பெண். விலைச்சீட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வருகிற வம்சம். கல்யாணமான புதிதில் அக்கா அவளை வாசலில் செருப்போடு செருப்பாக நிறுத்திவிட்டுத்தான் எந்தக் கடைக்குள்ளும் போவாள். அவள் மூஞ்சியில் எல்லாம் எழுதியிருக்கிறது, உள்ளே விட்டால் நாம் தெருவுக்கு வந்துவிடுவோம் என்பாள்.

மேஸ்திரியை அனுப்பிவைத்தது அந்த வாத்தியார் வம்சம்தான், என் மைத்துனர். மேஸ்திரி மெலிந்த மனிதர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், காதில் பென்சில், சட்டைப்பையில் ஒரு நோட்டு. வீட்டுக்காரர்கள் சொல்வதை அந்த நோட்டில் சொன்னது சொன்னபடி எழுதிக்கொள்வார். முன்பு ஒரு வீட்டில் சொன்னதைச் சொல்லவேயில்லை என்று சாதித்துவிட்டார்களாம், அதிலிருந்து அப்படி. கூலியாக ஒரு தொகை சொன்னார். நான் வழக்கம்போல அதில் பாதியைச் சொல்லிவிட்டு விட்டத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து படியிறங்கினார். எங்கள் வழக்கப்படி மூன்றாவது கடையைத் தாண்டும்போது ஆள் திரும்பிப் பார்க்க வேண்டும். அவர் பார்க்கவில்லை. தெருமுனை வரைக்கும் நான் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் பரம்பரையில் வாங்குகிறவன் விற்கிறவன் பின்னால் ஓடியது அதுதான் முதல்முறை.

மாடியில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, இதுதான் அறை, இதுதான் வாசல் என்று காட்டினார். அக்கா கோட்டைத் தாண்டி நேராக மேற்குப் பக்கம் போய் நின்றாள். நின்று, திட்ட ஆரம்பித்தாள்.

இங்கே ஜன்னல் வைத்தால் வெயில் கொளுத்தும் என்றாள். தூசி என்றாள், பஸ் இரைச்சல் என்றாள், தெருவில் போகிற வருகிறவன் மூஞ்சியெல்லாம் யாருக்கு வேண்டும் என்றாள். சாரல் அடிக்கும், கொசு வரும், புறா வந்து குடும்பம் நடத்தும். பிறகு எதிர்மூலையைப் பார்த்து உருகினாள். அங்கே தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு காங்கிரீட் அலமாரி, ஆறு தட்டு, அதுதான் அறைக்கே லட்சணம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு பொருளை அக்கா இத்தனை நேரம் திட்டி நான் கேட்டதே இல்லை. அந்த ஜன்னல் அவளுக்கு உயிர் என்று அப்போது புரிந்தது.

மேஸ்திரி பென்சிலை எடுத்தார். “அப்ப இந்தப் பக்கம் ஜன்னல் வேணாங்களா?”

“எனக்கென்ன வந்துச்சு,” என்றாள் அக்கா, மோவாயை ஒரு பக்கம் தூக்கி.

மேஸ்திரி எழுதிக்கொண்டார்.

வேலை ஆரம்பித்தது. முதல் நாளே சமையலறைச் சுவரில் கடப்பாறை விழ, யாருக்கும் தெரியாமல் அதற்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு குழாய் உடைந்து, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்துக்கு நேராகத் தண்ணீர் பீய்ச்சியது. அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரு வால்வையே மூடியதில் பாதித் தெருவுக்கு அன்று தண்ணீர் இல்லை. அது பக்கத்துத் தையல்கடைக்காரர் நீண்ட காலமாக எங்களுக்குத் தெரியாமல் அனுபவித்துவந்த இணைப்பு என்று சாயங்காலம் தெரிந்தது. நியாயமாகக் கோபப்பட வேண்டியது நாங்கள். அவர் வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போனார். ஆனால் அந்தச் சுவர் விழுந்ததும் வெளிச்சம் பொத்தென்று உள்ளே வந்து விழுந்தது பாருங்கள், மனைவி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கையைத் தட்டினாள்.

அடுத்தது தரை ஓடு. அதில் மாட்டிக்கொண்டது நான். மனைவிக்கு வெளிர்நீலம் வேண்டும். மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். போன வேகத்தில் நீலத்தைப் பார்த்து முகம் சுளித்தேன். ஆஸ்பத்திரிக் கழிவறை மாதிரி இருக்கிறது என்றேன். பக்கத்தில் பழுப்பில் பூப்போட்டு ஒன்று, பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். அதைத் தடவித் தடவி அடடா என்றேன். கடைக்காரர் எங்கள் ஆள், கண்ணாலேயே சிரித்தார். அதற்குள் லாரி ஆபீஸில் எங்களுக்கு ஒரு பெரிய சரக்கு வந்து இறங்கியிருப்பதாக அக்கா போன் செய்தாள். நீங்கள் பேசி எடுத்துவாருங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு லாரி ஆபீஸுக்கு ஓடினேன்.

மத்தியானம் மனைவி போன் செய்தாள். குரலில் உயிரே இல்லை. சமையலறையில் மூன்று வரிசை பழுப்புப் பூ பூத்திருக்கிறது என்றாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவளே பேசி முடித்துவிட்டாள். எப்படிப் பேசினாள் என்று பிறகு விசாரித்தேன். “மேஸ்திரி, எனக்கு நீலம்தான் பிடிக்கும். தப்பா வந்துடுச்சு. மாத்தித் தாங்க” என்றாளாம். அவ்வளவுதான். சாயங்காலம் பழுப்பு போய் நீலம் வந்துவிட்டது. நானும் அக்காவும் புது ஓட்டின் மேல் நின்றுகொண்டு, சொத்தையெல்லாம் சூதாட்டத்தில் விட்டுவிட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தோம். ஓடு என்னவோ வானத்தை வெட்டி ஒட்டினது மாதிரி இருந்தது.

அன்று அவள் அக்காவிடம் ஒரு பேச்சு பேசினாள். “அண்ணி, அந்த மனுஷன் நம்ம சொல்றதைக் கேக்கிற ஆளு. ஜன்னல் வேணும்னு போய் நேரா சொல்லிடுங்க.”

அக்கா அதிர்ந்துபோனாள். “இப்பப் போய் வேணும்னு சொல்லவா? தலையில ஏறி உக்காந்துடுவான். நீ இதுல வாயே திறக்கக் கூடாது, சொல்லிட்டேன். என் பொருளை எப்படி வாங்கிக்கிறதுன்னு எனக்குத் தெரியும்.”

மனைவி சத்தியம் செய்துகொடுக்க வேண்டியதாயிற்று. பழுப்பு ஓடு விஷயத்தில் தப்பு எங்கே என்று அக்கா தனியாக ஆராய்ந்திருக்கிறாள் போலிருக்கிறது. நான் பாதியில் ஓடிப்போனதும் திட்டினது போதாததும்தான் காரணம் என்று முடிவுக்கு வந்திருக்கிறாள். மறுநாள் காலை, மேஸ்திரி மணல் சலித்துக்கொண்டிருந்த இடத்துக்குத் தானாகப் போய், அந்த ஜன்னலை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. குடைக்கடைக்காரனுக்கு மழை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் பத்துப் பேர் நனைந்துகொண்டு நிற்பார்கள். அக்கா கல்லாவை விட்டு எழவேயில்லை. சாப்பாடு அங்கேயே, ஒரு கையால். அதே வாரம்தான் பழைய படியை இடித்துவிட்டு மாடிக்குப் புதுப் படிக்கட்டு காங்கிரீட்டில் போட்டார்கள். மூன்று வாரம் யாரும் கால் வைக்கக் கூடாது, அடியில் முட்டு இருக்கிறது என்று மேஸ்திரி கயிறு கட்டிவிட்டார். அவருடைய ஆட்கள் வெளிப்பக்கம் சாரத்தில் ஏறிப் போய்வந்தார்கள். அறையைச் சுற்றித் தார்ப்பாய். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய நீலப் பொட்டலம் தெரியும், அவ்வளவுதான்.

பொட்டலத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டுக் கேட்டே எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. மேலே கரண்டி சுவரில் வழிக்கிற சத்தம் வரும்; அக்கா சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பாள். சாமான் எதையெல்லாம் மேலே கொண்டுபோவது என்று ஒரு பட்டியல் போட்டாள். கட்டில், டிரங்குப் பெட்டி, ரேடியோ என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு மடக்கு நாற்காலி என்று எழுதியிருந்தாள். எதற்கு என்று மனைவி கேட்டதற்கு, காலை நீட்டத்தான் என்றாள். மறுநாளே புது நாற்காலி வந்துவிட்டது. வாடிக்கைக்காரர் ஒருவரிடம் அதைப் பற்றி மிகவும் கேவலமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. மேஸ்திரி கயிற்றை அவிழ்த்தார். படிக்கட்டு உறுதியாக இருக்கிறதா என்று நான் குதித்துப் பார்த்தேன். மேஸ்திரி என் வயிற்றைப் பார்த்தார். முதலில் அக்கா ஏறினாள், கக்கத்தில் நாற்காலியோடு. பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் நான். மேலே தார்ப்பாயைப் பிரித்து மடித்து வைத்திருந்தார்கள். புதுச் சிமெண்ட் வாசனை, ஈரம். அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வலதுபக்கம் திரும்பினாள்.

சுவர். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், கீறல் இல்லாமல், மேடு பள்ளம் இல்லாமல், இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி ஒரே சுவர். எதிரே ஆறு தட்டு அலமாரி, யானையைக் கட்டிப்போடலாம்.

“நூல் பிடிச்சுப் பாத்துக்குங்கம்மா,” என்றார் மேஸ்திரி. “நானே என் கையால பூசினது. வெயிலு, தூசி, சத்தம், ஒண்ணும் உள்ள வராது.”

அக்கா சுவரைப் பார்த்தாள். நாற்காலியை இன்னும் விரிக்கவில்லை.

“நல்லா இருக்கு,” என்றாள். “சுவர் ரொம்ப நல்லா இருக்கு.”

அக்கா வாயால் ஒரு பொருளை இப்படிப் புகழ்ந்தால் அது அவளுக்கு வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம். நான் மேஸ்திரியைத் தனியாக இழுத்து, இங்கே ஒரு ஜன்னல் வருவதாகத்தானே பேச்சு என்றேன். அவர் தனியாக வரவில்லை. நின்ற இடத்திலேயே நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, நீதிமன்றத்தில் வாசிப்பதுபோல வாசித்தார்.

“‘ஜன்னல் வச்சா வெயில் கொளுத்தும்.’ அம்மா சொன்னது. ‘புறா வந்து குடும்பம் நடத்தும்.’ அம்மா சொன்னது. ‘போறவன் வர்றவன் மூஞ்சி யாருக்கு வேணும்.’ அம்மா சொன்னது. ‘அந்த மூலையில அலமாரி, அதுதான் லட்சணம்.’ அம்மா.” இன்னொரு பக்கம் புரட்டினார். “அதுக்கப்புறம் பத்து நாள் கழிச்சு, அவங்களே தேடி வந்து சொன்னது. ‘அந்த ஜன்னலை நினைச்சாலே எரிச்சலா வருது.’ அடியில ரெண்டு கோடு போட்டிருக்கேன்.”

மனைவி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

“விடுடா,” என்றாள் அக்கா என்னிடம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அலமாரி பெருசா வந்திருக்கு. அட்டைப்பெட்டி எல்லாத்தையும் மேல ஏத்திடலாம், ஈரம் படாது. நான் கீழயே படுத்துக்கறேன். எனக்குப் பழகின இடம்.”

எனக்கு அப்போது வேறொன்று ஞாபகம் வந்தது. அக்காவுக்கு இருபத்திநான்கு வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை புத்தகம் பைண்ட் செய்கிறவர், நல்ல மனிதர், எங்கள் கடையில் குடை வாங்க மூன்று முறை வந்தார். மழையே இல்லாத மாதம். எப்படி இருக்கிறார் என்று தரகர் கேட்டார். “காதுதான் கொஞ்சம் பெருசு, ஆளும் ஒண்ணும் அப்படியில்ல,” என்றாள் அக்கா, மோவாயைத் தூக்கி. அப்பா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகத் தயாராகிவிட்டார். ஆனால் தரகர் எங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. அவர் அதற்குள் பஸ் ஏறிப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“உடைச்சா என்ன?” என்று கேட்டேன்.

உடைக்கலாம் என்றார் மேஸ்திரி. ஏழடி உயரத்தில் லிண்டல் என்கிற காங்கிரீட் பட்டை சுற்றிலும் ஓடுகிறது, அதற்குக் கீழே எங்கே திறந்தாலும் சுவர் தாங்கும். பூச்சும் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளிப்பக்கச் சாரத்தை நாளைக் காலை அவிழ்த்து வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்; அங்கே மூன்று மாத வேலை. உடைப்பதென்றால் இன்று, இப்போது.

“அப்ப உடைங்க,” என்றேன்.

“நீங்க சொல்லாதீங்க முதலாளி. நீங்க பழுப்பு ஓட்டைப் பாத்து அடடான்னு சொன்ன ஆளு.” பென்சிலை எடுத்து அக்காவின் பக்கம் திரும்பினார். “அறை அம்மாவோடது. அஞ்சு நாள் உக்காந்து பூசினதை உடைக்கப் போறேன். யாருக்கு வேணும்னு எனக்குத் தெரியணும். ஜன்னல் வேணுமாம்மா, வேணாமா?”

“வேணும்னு ஒண்ணும் இல்ல,” என்றாள் அக்கா. “உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா…”

“எனக்குச் சிரமம்தான்.”

“அப்ப விடுங்க.”

“சரிம்மா.” பென்சில் காதுக்குப் போய்விட்டது. சாமான்களை எடுத்துவைக்கச் சொல்லி வெளியே ஆட்களுக்குக் குரல் கொடுத்தார்.

நான் வாயைத் திறந்தேன். மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். வாயைத் திறப்பதில்லை என்று அவள் சத்தியம் செய்துகொடுத்திருந்தாள். வாத்தியார் வீட்டுப் பெண், சத்தியம் என்றால் சத்தியம். ஒரு வார்த்தை பேசாமல் அக்காவிடம் போய், கக்கத்திலிருந்த நாற்காலியை வாங்கினாள். விரித்தாள். மேற்குச் சுவரை ஒட்டி, சுவரைப் பார்த்தபடி போட்டாள். உட்காருங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினாள்.

அக்கா உட்கார்ந்தாள். மூக்குக்கு ஒரு முழ தூரத்தில் சுவர். எதைப் பார்ப்பது என்று தெரியாதவள்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் கீழே பஸ் ஒன்று கீச்சென்று பிரேக் போட்டு நின்றது. கதவு திறந்தது, யாரோ சிரித்தார்கள், யாரோ யாரையோ ஓடிவரச் சொன்னார்கள்.

“நாப்பத்திரெண்டு,” என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து. சத்தத்தை வைத்தே நம்பர் சொல்வாள். பிறகு, “இறங்கினது யாருன்னு தெரியல,” என்றாள்.

பஸ் கிளம்பிப் போயிற்று.

“மேஸ்திரி.”

“சொல்லுங்கம்மா.”

“எனக்கு வேணும்.”

அந்த இரண்டு வார்த்தையும் அவள் வாயிலிருந்து சேர்ந்து வந்து நான் கேட்டதில்லை. அவளுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். திரும்பவும் சொல்லிப் பார்த்தாள். “எனக்கு ஜன்னல் வேணும். நான் நாள் பூரா உக்காந்து தெருவைப் பாக்கணும்.” சொன்னவள் எழுந்து, மேஸ்திரியின் காதிலிருந்து பென்சிலை உருவிக்கொண்டு, அந்த இஸ்திரிச் சுவரில் ஒரு கோடு இழுத்தாள். இழுத்தாள், இழுத்துக்கொண்டே நடந்தாள். மேலே கை எட்டிய உயரத்தில் ஒரு கோடு, கீழே நாற்காலிக் கைப்பிடி உயரத்தில் ஒரு கோடு. முழங்கை வைத்துக்கொள்ள அகலமாக ஒரு கட்டை வேண்டும் என்றாள். கதவு நாலும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கம்பி நெருக்கமாக இருக்கக் கூடாது, தலையை வெளியே விட்டு எட்டிப்பார்க்க முடிய வேண்டும், மழை வந்தால் சாரல் அடிக்கட்டும், நமக்குக் குடைக்கா பஞ்சம் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்கியது.

மேஸ்திரி அளவு டேப்பை வைத்துப் பார்த்தார். “அம்மா, இது எட்டடி. இது ஜன்னல் இல்ல, கடை ஷட்டர்.”

“எட்டடி இருந்தா என்ன?”

“சுவர் தாங்காது. நாலடி.”

“நாலடியில பாதித் தெருதான் தெரியும். ஏழரை.”

“நாலரை. அதுக்கு மேல என் மேல பழி வரும்.”

“பஸ் ஸ்டாப் தெரியணும் மேஸ்திரி, பூட்டுக்கடை தெரியணும். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு. ஏழு.”

ஒரே விலைக்காரர், நான் ஓடிப்போய்க் கூட்டிவந்த மனிதர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பேரம் பேசினார். அக்கா பேசிய பேரமும் நாங்கள் படித்த பேரம் இல்லை. முகத்தில் ஒரு திரை இல்லை. எவ்வளவு வேண்டும் என்பது அவள் கண்ணில், மூக்கில், பென்சில் பிடித்த விரலில் எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தது. அப்பா பார்த்திருந்தால் கடையை இழுத்து மூடியிருப்பார். அந்த முகத்தோடு அவள் அரையடி அரையடியாக ஏறிக்கொண்டே போனாள். மேஸ்திரி ஓரத்துச் செங்கலைத் தட்டினார், லிண்டலைப் பார்த்தார், மூலைக்கு எத்தனை அடி விட வேண்டும் என்று அளந்தார். கடைசியில் ஆறடிக்கு வந்தார். ஆறே கால் என்றாள் அக்கா. சரி, ஆறே கால் என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஒரு கலவரம்தான். தச்சருக்கு நான் போன் போட்டேன். ஜன்னல் சட்டம் வர ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் தார்ப்பாய் தொங்கட்டும் என்றார். கீழே தெருவில் செங்கல் விழாமல் பலகை கட்டினார்கள். தையல்கடைக்காரர் வெளியே வந்து இந்த முறை எந்தக் குழாயை உடைக்கப் போகிறீர்கள் என்று கத்தினார். ஜன்னல் என்று மேலிருந்து என் மனைவி கத்தினாள். சத்தியம் அத்தோடு முடிந்துவிட்டது என்று அவளே தீர்ப்பு சொல்லிக்கொண்டாள் போல. அரை மணி நேரத்தில் நாங்கள் மூவரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு செங்கல் வாங்கிக் கொடுக்க வரிசையில் நின்றோம்.

பென்சில் கோட்டின் மேல் மேஸ்திரி உளியை வைத்தார். ஐந்து நாள் உழைப்பு என்று ஒரு நொடி தயங்கினார்; பிறகு ஓங்கி அடித்தார். பூச்சு பெயர்ந்தது. இரண்டாவது அடி, மூன்றாவது. ஒரு செங்கல் ஆடியது. அதை அந்தப்பக்கம் சாரத்தில் நின்றவர் பிடித்து இழுக்க, பட்டையாக ஒரு வெளிச்சம் உள்ளே பாய்ந்து எதிர் அலமாரியில் போய் விழுந்தது. கூடவே தெருவின் சத்தம் மொத்தமும் வந்தது.

எல்லாரையும் தள்ளிக்கொண்டு அக்கா முன்னால் போனாள். ஒரு செங்கல் அளவு ஓட்டை. அதில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டாள்.

“பூட்டுக்கடைக்காரன் தலையில முடியே இல்லடா,” என்றாள். “எப்பக் கொட்டிச்சு?”

“தள்ளிக்கிட்டீங்கன்னா மீதியை உடைச்சிடலாம்மா,” என்றார் மேஸ்திரி.

“இருங்க.”

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். இன்னும் ஆறே கால் அடியும் பாக்கி. வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. உடைத்து முடித்துத் தார்ப்பாய் கட்ட வேண்டும். ஆட்கள் சாரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மனைவி அக்காவின் முதுகில் விரலால் தட்டி, அண்ணி, எனக்கும் கொஞ்சம் காட்டுங்கள் என்றாள்.

“இரும்மா. ஒருத்தன் மெத்தையைச் சைக்கிள்ல வச்சுக்கிட்டு ரோட்டைக் கடக்கப் பாக்கறான். மெத்தை ஒரு பக்கம் போகுது, சைக்கிள் ஒரு பக்கம் போகுது. இன்னும் பாதிதான் வந்திருக்கான்.”